முந்நூற்றுப் பன்னிரண்டு தோள்களில் ஒரு கை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு உப்பளத்துப் பாத்தியில் மூன்று வெயில் காய்ந்து கட்டியாகிப் போகட்டும். சுறா வயிற்றில் திருச்செந்தூர் பஸ் டிக்கெட் கிடைத்த கதையைச் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள், சிரித்தது நியாயம்தான், அதில் டிக்கெட் மட்டும் நான் சேர்த்தது. ஆனால் இது கூட்டாம்பட்டினத்து உப்பளத் தொழிலாளர் சங்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கண்ணால் கண்டது, அவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கும் வெயிலில் நின்று உப்பு வாரிக்கொண்டிருக்கிறார்கள், சந்தேகம் இருப்பவர்கள் பஸ் ஏறிப் போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

எல்லாம் பெருவிரலில் ஆரம்பித்தது. சங்கத்தில் ஆளை அடையாளம் பார்க்க ஒரு மெஷின் வாங்கி வைத்தார்கள், பெருவிரலை அதன் கண்ணாடியில் வைத்தால் பச்சை விளக்கு எரிய வேண்டும். வருஷக்கணக்காக உப்பு வாரிய கைகளுக்கு அது எரியவேயில்லை. உப்பு அந்த ஊரில் முதலில் தின்பது விரல்நுனி ரேகையைத்தான். நாற்பது வயதுக்குள் பெருவிரல் கூழாங்கல்லாகிவிடும். மெஷின் ஒவ்வொருவரையும் பார்த்து 'இப்படி ஒரு ஆள் இல்லை' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியில் சங்கத்துச் செயலாளர் கோயில்பிள்ளை அண்ணாச்சி அதை ஒரு சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, "விரலு வேண்டாம், மூஞ்சியைப் போடு" என்று ஜெனிட்டாவிடம் சொன்னார்.

ஜெனிட்டா சங்கத்துக் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண். சங்கத்துக்கு ஒரு வெப்சைட் செய்து, உறுப்பினர் பெயர், எண், எந்த அளத்தில் வேலை என்பதெல்லாம் அவள்தான் ஏற்றி வைத்திருந்தாள். படம் இல்லாத இடத்தில் வெப்சைட் தானாகவே சாம்பல் நிறத்தில் ஒரு தலையும் இரண்டு தோளும் போட்டுக் காட்டியது. கண் இல்லை, மூக்கு இல்லை, ஆணா பெண்ணா என்று இல்லை. சங்கம் முழுக்க அந்த ஒரே ஆள்தான் உறுப்பினர் என்பதுபோல முந்நூறு தடவை அது வரிசையாக உட்கார்ந்திருந்தது. இனி அந்தந்த இடத்தில் அவரவர் முகம் வரும், மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் படம் ஏறாத பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

ஜனங்கள் படத்தோடு வந்தார்கள். ஒருவர் கல்யாண ஆல்பத்தையே தூக்கி வந்து பெண்டாட்டியை நீக்கித் தன்னை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒருவர் பெரியாஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து, "இதுவும் நாந்தான், இதுல பொய் சொல்ல முடியாது" என்று வாதாடினார். படமே இல்லாதவர்களை ஜெனிட்டா சங்கத்துச் சுவரோரம் நிறுத்தித் தன் செல்போனில் எடுத்தாள். எந்தப் படமானாலும் வெப்சைட் அதை வட்டமாக நறுக்கிக்கொண்டது; முகமும் கழுத்தும் தோளும் மட்டும் வட்டத்துக்குள் நிற்கும், மற்றதெல்லாம் வெளியே போய்விடும். இப்படி ஒரே ஒரு பெயர் நீங்கலாக மற்ற முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஏறி முடிந்த மறுநாள், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, டீ வருகிற நேரத்தில், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இடது தோளின்மேல் ஒரு கை இருந்தது.

முதலில் பார்த்தது இசக்கியம்மாள், உறுப்பினர் எண் நூற்று நாற்பது, அளத்தில் நாக்குக்குப் பேர்போனவள்.

"என்னட்டி ஜெனிட்டா, என் தோள்ல யாரு கையைக் கொண்டாந்து போட்டே?"

"நான் எங்க சித்தி போட்டேன்? நீங்க மட்டுந்தான நின்னிய."

"நான் புருசன் போயிப் பதினோரு வருசமா ஒத்தையில நிக்கேன். இப்பப் போயி ஒரு ஆம்பளக் கைய வச்சா ஊரு என்ன பேசும்?"

ஜெனிட்டா அந்தப் படத்தை அழித்துவிட்டு, முதுகு சுவரில் ஒட்டும்படி இசக்கியம்மாளை நிறுத்தி, இரண்டு பக்கமும் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்தாள். ஏற்றிப் பார்த்தால் சுவருக்கும் தோளுக்கும் நடுவில் காகிதம் நுழைகிற அந்த இடத்திலிருந்து கை வந்து, சாவகாசமாக, பழகின இடத்தில் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தது. இசக்கியம்மாள் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "பிடிக்கல பாரு, சும்மாதான வச்சிருக்கு."

அவ்வளவுதான். அந்த வாரக் கடைசிக்குள் ஊருக்கே அது பழகிவிட்டது. கோயில் பூசாரி அது அம்மன் கை என்றார், சர்ச் உபதேசியார் அது ஆண்டவர் கை என்றார், இரண்டு பேரும் ஜெனிட்டாவின் மேஜைக்கு இரண்டு பக்கமும் நின்று படத்தைப் பெரிதாக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நகக்கணுவில் உப்பு வெடிப்பும் உள்ளங்கை ஓரத்தில் உப்பு வாருகிற பலகை பிடித்த காய்ப்பும் தெரிந்தன. சாமிக்கு இந்தக் காய்ப்பு வராது என்று இருவரும் ஒத்துக்கொண்டு ஒரே சைக்கிளில் வீட்டுக்குப் போனார்கள். வரன் பார்க்க வந்த பெண் வீட்டார் மாப்பிள்ளை படத்தைப் பார்த்து யார் கை என்று கேட்டால், "சங்கத்துக் கை" என்று பதில் சொல்லப்பட்டது, அவர்களும் தலையாட்டி அடுத்த கேள்விக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் அப்பாவை வரையச் சொன்னால் பிள்ளைகள் மூன்று கை வரைந்தார்கள், டீச்சர் அதற்கு ரைட் போட்டாள்.

பிறகு கை படத்தை விட்டு இறங்கியது. இறங்கியது என்றால் கண்ணுக்குத் தெரியவில்லை. மத்தியான வெயிலில் பாத்தியில் குனிந்து நிற்கிறவர்களுக்கு இடது தோள் மட்டும் குளிர்ச்சியாக இருந்தது, சாயந்தரம் சட்டையைக் கழற்றினால் அந்த இடத்தில் வெள்ளையாக ஐந்து விரல் உப்புக்கறை. துவைத்தால் போகும், மறுநாள் திரும்ப வரும். துணி அங்கே சீக்கிரம் நைந்ததால் டெய்லர் கேட்காமலே இடது தோளுக்கு மட்டும் உள்ளே ஒரு ஒட்டுத்துணி வைத்துத் தைத்தார். பஸ்ஸில், டீக்கடை பெஞ்சில், சாவு வீட்டுப் பந்தலில், எங்கே உட்கார்ந்தாலும் இடது பக்கம் ஒரு ஆள் இடம் விட்டு உட்காருவது வழக்கமாகிவிட்டது. சங்கத்து ஆபீசில் சத்தம் குறைந்தது. எதிரில் நிற்கிறவன் தோளில் இருக்கிற அதே கை தன் தோளிலும் இருக்கும்போது அவனைக் கெட்ட வார்த்தை சொல்லக் கொஞ்சம் யோசனையாகத்தானே இருக்கும்?

அந்தக் கையோடு ஒத்துப்போகாதவர் கோயில்பிள்ளை அண்ணாச்சி ஒருவர்தான். அவர் தினமும் ஒரு கனத்த துண்டை நான்காக மடித்து இடது தோளில் போட்டுக்கொண்டு வந்தார், யாரிடமும் அந்தக் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏனென்றால் மற்றவர்களுக்கு அது புதுக் கை. அவருக்கு அது முப்பத்துநான்கு வருஷத்துக் கை.

அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சங்கம் தொடங்கினவர்களின் படம் ஒன்று சட்டத்துக்குள் தொங்கியது. உப்பு அம்பாரத்துக்கு முன்னால் வரிசையாக இருபது பேர். கடைசியில் நிற்பது வாலிபக் கோயில்பிள்ளை. அவருக்கு அப்பால் படம் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருக்கும். வெட்டின கோட்டிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு அவர் இடது தோளில் இருக்கும். தோளை வெட்டாமல் அந்தக் கையை வெட்ட முடியவில்லை. அந்த ஓரத்தை மறைத்து அண்ணாச்சி ஒவ்வொரு வருஷமும் ஒரு காலண்டர் மாட்டுவார்.

வெட்டப்பட்ட இருபத்தோராவது ஆள் சேர்மத்துரை. உறுப்பினர் எண் ஏழு. சங்கம் தொடங்கிப் படம் எடுத்த மூன்றாவது வாரம், அளத்து மேனேஜர் இருபது பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலையை விட்டு நிறுத்தினான். சேர்மத்துரையை மட்டும் நிறுத்தவில்லை. இருபது குடும்பங்களில் ஆறு மாதம் அடுப்பு சரியாக எரியவில்லை. போராடி வேலை திரும்பக் கிடைத்தபோது எல்லாருடைய மனசிலும் ஒரே கணக்கு: நிறுத்தப்படாதவன்தான் காட்டிக்கொடுத்தவன். படத்திலிருந்து அவனை வெட்டினார்கள். ஐப்பசி மழை பெய்த ஒரு காலையில் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு அளத்துக்குப் போனவன் திரும்பவில்லை. கடல் கொண்டுபோனது என்று சிலரும், பம்பாய் ரயிலில் பார்த்தோம் என்று சிலரும் சொன்னார்கள். பெயரை நீக்க மகாசபை கூட்ட வேண்டும் என்று விதி இருந்ததால், கூட்டுவாரில்லாமல், ஏழாம் எண் மட்டும் நோட்டில் அப்படியே கிடந்தது. பிறகு நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போய்ச் சாம்பல் தலையும் தோளுமாக உட்கார்ந்திருந்தது.

அவன் பெண்டாட்டி சுடலைவடிவு நோட்டீஸைக் கேள்விப்பட்டு, உப்பு மூட்டை தைக்கிற வேலையிலிருந்து கையில் ஊசியோடு நேராக வந்தாள். முப்பத்துநான்கு வருஷமாக அவள் தாலியைக் கழற்றவும் இல்லை, மஞ்சள் பூசவும் இல்லை. அவள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கவில்லை. அவளுக்கு ரேஷன் கார்டு கிடைத்தபோது அவன் இல்லை. அவன் இந்த ஊரில் இருந்தான் என்பதற்கு அந்தப் பட்டியலில் ஏழாவது வரி ஒன்றுதான் மிச்சம்.

ஜெனிட்டா பட்டியலைத் திறந்து காட்டினாள். சுடலைவடிவு சாம்பல் ஆளைப் பார்க்கவில்லை. அவனுக்கு மேலும் கீழும் இருந்த வட்டங்களைப் பார்த்தாள். ஊசி நுனியால் ஒரு கையைத் தொட்டாள்.

"சுண்டுவிரலைப் பாரு தாயி. மடைப்பலகை விழுந்து கோணிப்போச்சு. நாந்தான் மஞ்சப்பத்துப் போட்டேன்."

"யாரு கை அத்தை?"

"எங்க வீட்டுல உள்ளவுக கை."

அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கூட்டம். மகாசபை என்று யாரும் கூட்டவில்லை, ஆனாலும் எல்லாரும் வந்து இடது பக்கம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் கோயில்பிள்ளை. "படம் இல்லைன்னா பேரு இல்ல."

"படம் இருக்கு அண்ணாச்சி" என்றாள் சுடலைவடிவு. "முந்நூறு படம் இருக்கு. ஒங்க துண்டுக்கு அடியிலயும் ஒண்ணு இருக்கு. அந்தக் கையவே ஏத்துங்க."

"கையைப் பாத்து ஆளு யாருன்னு எப்படிம்மா சொல்ல?"

"நோட்டுல வச்ச பெருவிரல மட்டும் பாத்து இத்தன வருசம் ஆள நம்புனியளே. நான் முழுக் கையையும் வைக்கேன். மாட்டேங்கியளா?"

"பதில் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் பின்னாலிருந்து இசக்கியம்மாள். "என் தோளு கேக்கு."

சிலர் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. "இருவது பேரையும் மேனேஜருக்கு எழுதிக் குடுத்த கை அது."

"அவுகளுக்கு எழுதத் தெரியாது. கைநாட்டு வச்சுத்தான ஒங்க சங்கத்துல சேந்தாவ."

"வாயால சொல்லியிருப்பான்."

முப்பத்துநான்கு வருஷமாக அவள் கேட்டுவந்த சொல்தான் அது. அவள் தனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிட்டு நின்றாள், கூட்டம் தரையைப் பார்த்தது, அண்ணாச்சி ஜெனிட்டாவிடம் ஏழாம் எண்ணை எடுக்கச் சொல்லக் கையைத் தூக்கினார். அப்போதுதான் டீத்தட்டு வந்தது. டம்ளர்களுக்கு நடுவில் பழுப்பு உறை ஒன்று இருந்தது. டீக் கொண்டுவந்தவருக்கு அதை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. ஜெனிட்டா பிரித்தாள். உள்ளே இரண்டு விரல் அகலத்தில், ஒரு சாண் நீளத்தில், போட்டோவிலிருந்து வெட்டின ஒரு துண்டு.

அவள் நாற்காலியில் ஏறிக் காலண்டரை எடுத்தாள், சட்டத்தை இறக்கினாள், பின்பக்கத்து ஆணிகளை நெம்பிப் படத்தை வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள். துண்டை வெட்டின ஓரத்தில் சேர்த்தாள். முழங்கை மணிக்கட்டோடு சேர்ந்தது, தோள் முழங்கையோடு சேர்ந்தது, வேட்டியும் காலும் உப்புத்தரையும் சேர்ந்தன. தோளுக்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை. ஸ்டாண்டு வைத்த பழைய கேமரா அது, மூச்சைப் பிடித்து நிற்க வேண்டும். அவன் அந்த நேரத்தில் தலையைத் திருப்பியிருக்கிறான். கொஞ்சம் முடி, ஒரு காது, மற்றதெல்லாம் தண்ணீரில் கரைந்ததுபோல ஒரு தீற்றல்.

கோயில்பிள்ளை அண்ணாச்சி குனிந்து பார்த்தார். விரலால் எண்ணினார். எண்ணி முடித்துத் திரும்ப எண்ணினார்.

"இருவது மொகந்தான் தெரியுது" என்றார். "இருவது பேருக்குத்தான் வேலை போச்சு."

யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "இந்தப் படம் ஸ்டுடியோ வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள மூணு வாரம் இருந்துச்சே."

"மேனேஜரு எதுத்த கடையிலதான டீக் குடிப்பான்."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அருமைநாயகம் என்ற ஸ்டுடியோக்காரன் அந்தப் படத்தைப் பெருமையாக வெளியே வைத்திருந்தான். இருபத்தொரு பேரும் தினமும் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தார்கள், ஒவ்வொருவரும் தன்தன் முகத்தைத்தான் பார்த்தார்கள், ஓரத்து ஆளுக்கு முகம் இல்லை என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. மேனேஜர் பார்த்த முகங்களை எழுதிக்கொண்டான். சங்கம் சொல்லி அந்த ஓரத்தை வெட்டியபோது அருமைநாயகம் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறான், பார்த்த உடனே எல்லாம் விளங்கியிருக்கிறது, விளங்கியதும் வாயைத் திறக்கப் பயமாக இருந்திருக்கிறது. அன்றைக்குத் திறக்காத வாய் அடுத்த நாளைக்கு இன்னும் கனமாகிவிடும். துண்டை மட்டும் எரிக்க மனசு வரவில்லை. இதையெல்லாம் அந்தக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை, எல்லாரும் தாங்களே தெரிந்துகொண்டார்கள். அருமைநாயகத்தைத் தேடித் திரும்பியபோது கூட்டத்தின் கடைசி வரிசையில் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஆள் இல்லை.

சுடலைவடிவு தீற்றலைப் பார்த்தாள்.

"நாந்தான் கூப்பிட்டேன்" என்றாள். "கஞ்சி கொண்டாந்தேன். படம் எடுக்காகன்னு தெரியாது, வரப்புல நின்னு ஏ இங்கேருன்னு கூப்பிட்டேன். அதான் திரும்புனாவ." பிறகு, யாரையும் பார்க்காமல், "என்னத்தான் பாத்திருக்காவ" என்றாள்.

கோயில்பிள்ளை தோளிலிருந்து துண்டை எடுத்தார். வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பளிச்சென்று இருந்தன, சுண்டுவிரல் கோணலாக.

"வெட்டச் சொன்னது நாந்தான் மயினி" என்றார். முப்பத்துநான்கு வருஷத்தில் அவளை அவர் அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சட்டையில் இருந்த கறையின்மேல் தன் வலது கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஜெனிட்டா கேட்டாள்: "அத்தை, இப்ப முழுப்படம் இருக்கு. எதை ஏத்த?"

"கையவே ஏத்து தாயி. மொகம் எனக்குத் தெரியும்."

ஜெனிட்டா செல்போனால் அந்தப் பழைய படத்தில் கோயில்பிள்ளை தோளில் இருந்த கையை எடுத்தாள். வெப்சைட் அதை வட்டமாக நறுக்கியது. ஏழாம் எண்ணில் சாம்பல் ஆள் எழுந்து போனான், அந்த இடத்தில் கை வந்து உட்கார்ந்தது. அந்த நொடியில் மற்ற வட்டங்களிலிருந்து கை இறங்கிவிட்டது. இசக்கியம்மாள் தன் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு" என்று மூக்கைச் சிந்தினாள். வெயிலில் தோள் பழையபடி சுட்டது, உப்புக்கறை வரவில்லை, டெய்லர் ஒட்டுத்துணி வைப்பதை நிறுத்தினார். இடது பக்கம் ஒரு ஆள் இடம் விட்டு உட்காருவதை மட்டும் கூட்டாம்பட்டினத்தில் இன்னும் நிறுத்தவில்லை. சுடலைவடிவு மாதம் ஒரு தரம் வந்து ஏழாம் எண்ணைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறாள், உட்காருவதில்லை.

கை இறங்கியது முந்நூற்றுப் பதினோரு தோள்களிலிருந்து. ஒன்றிலிருந்து இறங்கவில்லை. படம் எடுத்துக் கொடுத்ததற்காக அந்தக் காலத்தில் சங்கம் ஸ்டுடியோக்காரனையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது, எண் இருபத்திரண்டு. இப்போதும் அந்த எண்ணைத் திறந்தால் வழுக்கைத் தலையோடு ஒரு கிழவன் இருப்பான், இடது தோளில் கை இருக்கும். அது அமுக்குவதில்லை, பிடிப்பதில்லை, சும்மாதான் இருக்கிறது. சும்மா இருப்பது எவ்வளவு கனம் என்று அந்தக் கிழவனைக் கேட்டால் சொல்வான்.

என் சட்டையை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? வெயிலில் நடந்தால் யாருக்கும் வேர்வை உப்புப் பூக்கும், இந்த வயசில் ஒரு தோள் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். கதையை எங்கே வேண்டுமானாலும் சொல்லுங்கள், சேர்மத்துரை பெயரைச் சத்தமாகவே சொல்லுங்கள், அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று நாலு ஊருக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். சொன்னது யார் என்று கேட்டால் மட்டும், ஏதோ ஒரு கிழவன், பெஞ்சில் இடது பக்கம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தான், முகம் சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிடுங்கள்.